ஒரு புள்ளி மிச்சம்

மார்ச் 2, திங்கள்

மாலையில் நடைக்குழுக் கூட்டம், எங்கள் வீட்டு முன் அறையில். நடைக்குழு என்று பெயர்தானே தவிர, நான் பார்த்த வரைக்கும் இவர்கள் உட்கார்ந்தேதான் இருக்கிறார்கள். பூங்காவில் ஒரு சுற்று, டீக்கடையில் இரண்டு சுற்று. இதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், போனில் ஒரு குரூப். செயலாளர் எங்கள் அப்பா. தலைவர் மெத்தைக்கடை முதலாளி. எந்தப் பேச்சையும் "நான் ஒரு போன் போட்டா போதும்" என்று முடிப்பார். போட்டு நான் பார்த்ததில்லை. இந்த டைரியில் அவர் பெயர் பெரும்புள்ளி.

இன்றைய தீர்மானம்: மாதக் கடைசி ஞாயிறு ஓட்டப்பந்தயம். தாங்கள் நடக்க மாட்டார்கள், ஊரை ஓட வைப்பார்கள். ஓட வருகிற எல்லோருக்கும் டீ-ஷர்ட். இருநூறு வேண்டும். டிசைன் என் தங்கை.

அதற்குப் பிறகு அப்பா சொன்னதுதான் விஷயம். எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னார்: "சட்டை நல்லா வந்து, நாலு பேர் நல்லாயிருக்குன்னு சொன்னா, இந்த முன் ரூம் உனக்கு. கம்ப்யூட்டரைப் போட்டுக்கோ, போர்டு மாட்டிக்கோ, டிசைன் வேலையே பாரு. நான் வாயைத் திறக்க மாட்டேன். சொதப்பிச்சுன்னா ஒண்ணாம் தேதியிலேருந்து அத்தை ஆபீஸ்."

அத்தை இருப்பது ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில். அங்கே ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைத் தங்கைக்காகவே காலியாக வைத்திருக்கிறாராம். போன் பண்ணும்போதெல்லாம் அந்த நாற்காலியின் உடல்நலத்தைச் சொல்லுவார்.

முன் அறையில் இப்போது குடியிருப்பது அப்பாவின் ஓடுகிற மெஷின். டாக்டர் சொன்னார் என்று வாங்கியது. அதில் இதுவரை ஓடியது ஈரத்துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும். கூட்டத்தின்போதும் என் பேன்ட் அதன் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்தது. பெரும்புள்ளி அந்தப் பேன்ட் மேலேயே சாய்ந்துகொண்டு உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றிப் பேசினார்.

"பிரிண்டிங்கை நான் பாத்துக்கிறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் இவர்களை விட்டால் முதல் கடையிலேயே தலையில் மிளகாய் அரைத்து அனுப்பிவிடுவான். முட்டாள்தனம் கண்ணெதிரே நடக்கும்போது சும்மா இருக்க எனக்கு வராது. அது குறை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 4, புதன்

தங்கை டிசைனைக் காட்டினாள். கருநீலச் சட்டை. நெஞ்சில் 'வெல்' என்று வெள்ளையில் பெரிதாக, தூரிகையில் இழுத்த மாதிரி. கீழே வளைந்து போகிற சாலை. சாலையில் நாலு பேர் ஓடுகிறார்கள், ஆளுக்கு ஒரு நிறம். மேலே மஞ்சள் வட்டம். மொத்தம் ஆறு நிறம்.

அழகாகத்தான் இருக்கிறது. அழகு என் துறை இல்லை.

அவள் விளக்க ஆரம்பித்தாள். "இந்த மஞ்சள் இருக்கு பாரு, இதுதான்டா அண்ணா மொத்தத்துக்கும் உயிரே…" அந்த இடத்தில் என் காது வேலையை நிறுத்திவிட்டது. நான் நிறங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டிசைன் படித்தவர்களுக்கு எல்லாமே உயிர். ஓரமாக ஒரு கோடு போட்டாலும் அதற்கு உயிர். இவ்வளவு உயிரையும் அச்சடிக்கக் காசு யார் தருவது?

மார்ச் 6, வெள்ளி

வேலை முடிந்து மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொருவனும் தன்னுடைய முறைதான் உலகத்திலேயே ஒரே முறை என்கிறான்.

முதல் கடையில் நேரடியாகத் துணியிலேயே அச்சடிக்கிற மெஷின். காகிதத்துக்குப் பதில் சட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். எத்தனை நிறம் என்றாலும் கவலை இல்லை. ஆனால் முதல் சட்டைக்கு என்ன செலவோ அதேதான் இருநூறாவது சட்டைக்கும். ஒன்றிரண்டு பிறந்தநாள் சட்டைக்குச் சரி. எங்கள் குழுவின் கையிருப்புக்குத் தாங்காது.

இரண்டாவது கடையில் ஃபிலிம். படத்தை ஒரு தாளில் அச்சடித்து, பசைப்பொடி தூவி, சட்டை மேல் வைத்துச் சூடாக அழுத்துகிறார்கள். நிறம் பளிச்சென்று வருகிறது. தொட்டுப் பார்த்தேன். நெஞ்சு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் ஆள் உள்ளே வெந்துவிடுவான். கடைக்காரன், "பாக்கறதுக்கு நல்லா இருக்கும்ல சார்" என்றான். பார்க்கிறவன் ஓடப் போவதில்லையே.

மூன்றாவது கடையில் ஆவியாக்கி நிறம் ஏற்றுவது. துணியோடு துணியாகிவிடும், கையில் தட்டுப்படாது, போகாது. வெள்ளைப் பாலியஸ்டர் சட்டையில் மட்டும்தான் எடுக்கும். கருநீலம் என்றேன். "அப்ப வெள்ளை எடுத்துக்கங்க" என்றான். என்ன ஒரு தீர்வு.

கடைசியில் பஸ் டிப்போ பின்னால் ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவர். பழைய முறை. ஒரு நிறத்துக்கு ஒரு வலைச்சட்டம். அதைத் தயார் பண்ணுவதில்தான் செலவு. தயார் பண்ணிவிட்டால் இருநூறென்ன, ஐநூறு அடித்தாலும் ஒரு சட்டைக்கு ஆகிற மை கொஞ்சம்தான். இங்கேதான் கணக்கு நிற்கிறது. எண்ணிக்கை கூடக் கூட லாபம், நிறம் கூடக் கூட நஷ்டம். ஆக, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நிறத்தைக் குறைப்பது.

வீட்டுக்கு வந்து நாலு முறையையும் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினார். படித்தாரா, இல்லை ஆளை விடு என்றாரா, தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி கூட்டம். காசு கொடுக்கிறவர்களின் கடைச் சின்னங்களும் சட்டையில் வர வேண்டுமாம்.

பல் டாக்டர் சின்னத்தில் ஒரு பல், அதன் அடியில் ஈறு. ஈறுக்குத் தனியாக ரோஸ் வேண்டும் என்கிறார். "ரோஸ் இல்லேன்னா ஈறு நோயாளி மாதிரி தெரியும் தம்பி." டயர்க்கடைக்காரருக்குக் கறுப்பு. கருநீலச் சட்டையில் கறுப்பு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நம்ம டயர் இருக்குங்கறது எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். நிஜமாகவே சொன்னார். பெரும்புள்ளியின் மெத்தையைச் சுற்றி வானவில். ஏழு நிறம்.

"மெத்தைக்கு எதுக்கு சார் வானவில்?"

"நல்ல கனவு வரும் தம்பி."

நான் எழுந்து நின்று, எல்லாச் சின்னமும் வெள்ளையில்தான், சம்மதம் இல்லாதவர்கள் தங்கள் நிறத்துக்கான சட்டத்தைத் தாங்களே வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். வானவில், ஈறு, டயர், மூன்றும் ஒரே நொடியில் வெளுத்துவிட்டன.

மார்ச் 10, செவ்வாய்

குழுவிடம் இருக்கிற பணத்துக்கு மூன்று சட்டம்தான். வெள்ளை, சிவப்பு, வான்நீலம்.

தங்கையிடம் சொன்னேன். நாலு ஓட்டக்காரர்களில் இரண்டு பேரைச் சிவப்பாக்கி, இரண்டு பேரை நீலமாக்க ஒத்துக்கொண்டாள். ஒவ்வொருவனுக்கும் ஒரு பெருமூச்சு. "மஞ்சளை மட்டும் தொடாதே" என்றாள். தொடவில்லை என்றால் நாலாவது சட்டம். காரணம் கேட்டேன். "அன்னிக்கே சொன்னேனே, நீ கேக்கலை. திரும்ப எத்தனை தடவை சொல்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரணம் இல்லாதவர்கள் சொல்கிற பதில் இது.

மார்ச் 11, புதன்

அத்தை வற்புறுத்தலில் தங்கை அந்த நாற்காலியைப் பார்க்கப் போயிருந்தாள். அச்சுக்கு அனுப்பக் கடைசி நாள் இன்றுதான். அவளுடைய டிசைன் கோப்பைத் திறந்து, மஞ்சள் அடுக்கை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வட்டம். ஓரம் கொஞ்சம் பிசிறு. சூரியன். மொத்த அச்சுப் பரப்பில் இது ஒரு சதவீதம்கூடத் தேறாது. இதற்கு ஒரு தனிச் சட்டம்!

ஓடப்போவது காலையில். சூரியன் வானத்திலேயே இருக்கும். சட்டையில் வேறு எதற்கு?

எடுத்துவிட்டேன். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

ஸ்கிரீன்காரர் மாதிரிச் சட்டையின் படம் அனுப்பினார். போன் குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வரிசையாகக் கட்டைவிரல்கள். பல் டாக்டர் மட்டும், பல் கொஞ்சம் வெளுப்பாக இருக்கலாம் என்றார். அது வெள்ளை மையில் அடித்த பல்!

தங்கைக்குக் காட்டவில்லை. காட்டினால் இன்னொரு வாரம் உயிரைப் பற்றிப் பேச வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

தொழிற்சாலையில் இன்று ஒரு வால்வில் ஊசிமுனை அளவு ஓட்டை கண்டுபிடித்து, அந்தத் தொகுப்பையே நிறுத்திவிட்டேன். மேலாளர் எல்லோர் முன்னாலும், "உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதுப்பா" என்றார். தரக்கட்டுப்பாடு என்றால் சும்மாவா?

மார்ச் 21, சனி

சட்டைகள் வந்துவிட்டன. நேர்த்தியான அச்சு. மை எங்கும் கசியவில்லை, விளிம்பு கத்தி மாதிரி. மூட்டைகளை முன் அறையில் ஓடுகிற மெஷின் மேல் அடுக்கிவைத்தேன். அம்மா உடனே, "அப்ப இன்னிக்குத் துவைச்சதை எங்க போடறது? உன் தலைமேலயா?" என்றார்.

ஒன்றைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன். கடைக்காரர் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்கிறார்: "வெலன்னு போட்டிருக்கீங்க. எவ்வளவுன்னு போடலையே தம்பி?"

வரிசையில் நின்ற அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "தள்ளுபடி ஏதாவது உண்டா?" என்று வேறு கேட்டார்.

இந்த ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்க எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

படிக்கத் தெரியாதவன் நான்தான்.

தங்கை மூட்டையைப் பிரித்து ஒரு சட்டையை விரித்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். அப்புறம், "புள்ளி எங்கடா?" என்றாள்.

"என்ன புள்ளி?"

"'ல்'லோட புள்ளிடா! மஞ்சளா வச்சிருந்தேனே, அது எங்க?"

சூரியன்.

அது சூரியன் இல்லை. ல் மேல் வைக்க வேண்டிய புள்ளியைத்தான் அவள் மஞ்சளாக வைத்திருந்தாள். அது போனதும் 'வெல்' போய் 'வெல' வந்துவிட்டது. விலையை எவன் நாக்கு 'விலை' என்று சொல்லுகிறது? இருநூறு பேர் நெஞ்சில் வெல என்று எழுதி ஊர் நடுவில் ஓட விடப் போகிறோம். கசாப்புக்கடையில் தொங்கவிட்ட மாதிரி.

அவ்வளவு பேர் பார்த்தோமே! பெரும்புள்ளி பார்த்தார், டாக்டர் பார்த்தார், அப்பா பார்த்தார், நான் நூறு தடவை பார்த்தேன். ஒருத்தனுக்கும் தெரியவில்லையா? எப்படித் தெரியும்? ஒவ்வொருத்தனும் அவனவன் சின்னத்தைப் பார்த்தான். நான் செலவைப் பார்த்தேன். 'வெல்' என்றுதான் இருக்கும் என்று மூளை தானாகவே புள்ளி வைத்துப் படித்துக்கொண்டது. ஊசிமுனை ஓட்டையைப் பிடிக்கிற கண் இது. த்தூ.

"சொல்லியிருக்கலாம்ல, அது எழுத்துன்னு?" என்று கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன்.

"சொன்னேன். நீ நிறம் எண்ணிட்டிருந்தே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 23, திங்கள்

மத்தியானமே லீவு போட்டுவிட்டு ஸ்கிரீன்காரரிடம் ஓடினேன். புள்ளியை மட்டும் அடித்துத் தர முடியுமா?

"சட்டையெல்லாம் பலகையிலேருந்து எடுத்தாச்சே சார். மறுபடி ஒவ்வொண்ணா ஏத்தி, அதே எடத்துல புள்ளி உக்காரணும்னா கண்ணால பாத்துப் பாத்துதான் வைக்கணும். கையில ரெண்டு எலக்‌ஷன் ஆர்டர் இருக்கு. அடுத்த மாசம் வாங்க."

"அடிக்கும்போதே எழுத்து தப்பா இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

"கடைக்காரங்க ஆர்டர்னு நெனச்சேன் சார். விலைப்பட்டியல் சட்டைன்னு."

ஃபிலிம் கடைக்காரன் மஞ்சள் வட்டம் ஒட்டித் தருகிறேன் என்றான். அவன் கேட்ட தொகைக்கு நான் மிச்சம் பிடித்தது எல்லாம் போய், அதற்கு மேலும் போகும். குழுவின் கஜானாவில் இப்போது இருப்பது செயலாளரின் கையெழுத்து மட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

பெரும்புள்ளிக்குத் தெரிந்துவிட்டது. கடையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மெத்தை வாங்க வந்தவன், "இது மெத்தைக்கா, உங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறான். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவை ஒரு பிடி பிடித்தார்.

அவர் போனதும் அப்பா தங்கையைக் கூப்பிட்டார். "ஒண்ணாம் தேதி அத்தை ஆபீஸ். பேச்சு முடிஞ்சது."

"அப்பா, புள்ளியை எடுத்தது நான். அவளுக்குத் தெரியவே தெரியாது."

"நீ இஞ்சினியர்டா. நீ எடுத்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

"ஒரு காரணமும் இல்லப்பா! எனக்கு அது எழுத்துன்னே தெரியலை!"

"அப்ப தெரியற மாதிரி அவ வரைஞ்சிருக்கணும்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, படித்த படிப்பின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. தப்பு பண்ணினவன் நான், நாற்காலி அவளுக்கு. அம்மா மட்டும், "அந்த மெஷினுக்கு இருக்கற எடம் பெத்த பொண்ணுக்கு இல்லையா?" என்றார். அப்பா பேப்பரை விரித்துவிட்டார். நேற்றைய பேப்பர்.

மார்ச் 25, புதன்

அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவிட்டாள். பேச்சில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"ஸ்கிரீன்காரர்கிட்ட மஞ்சள் மை கிடைக்குமா? தண்ணியில கரையற மை."

"எதுக்கு?"

"ரெண்டு தட்டு, நாலு பஞ்சும் வாங்கிட்டு வா. ஓடி முடிக்கறவங்க கட்டைவிரலை நனைச்சு, அவங்கவங்க புள்ளியை அவங்களே வச்சுக்கட்டும். ஓட ஆரம்பிக்கும்போது வெல. முடிச்சாத்தான் வெல்."

வாயில் நுரையோடு நின்றேன். பிறகு, வழக்கம் போல, வாயைத் திறந்தேன். மை காயாது. வழியும். ஒருத்தன் வைத்த மாதிரி இன்னொருத்தன் வைக்க மாட்டான்.

"வைக்க வேண்டாமே. அவன் விரல், அவன் புள்ளி. ஆளுக்கு ஒரு சட்டைன்னு தனித்தனியா அடிச்சுத் தரதுக்கு மத்த கடையில என்ன கேட்டாங்க? உன் அட்டவணையில இந்த முறை இருந்துச்சா?"

இல்லை.

"அதுவரைக்கும் வெலன்னு போட்டுக்கிட்டு ஓடுவாங்களா?"

"ஓடட்டும். என்ன வெல குடுத்தா வெல்லலாம்னு தெரிய வேண்டாமா?"

மார்ச் 27, வெள்ளி

மை சோதனை. மஞ்சளை அப்படியே கருநீலத்தில் வைத்தால் பாசி மாதிரி பச்சையாகத் தெரிகிறது. வெள்ளையைக் கலந்து, மூன்று விகிதத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது சரி. இதில் நான் தவறவில்லை. காய்ந்ததும் இஸ்திரி போட்டுத் துவைத்தும் பார்த்தேன். நிற்கிறது. என் பழைய கருநீலச் சட்டை ஒன்றுக்கு இப்போது அம்மை போட்ட மாதிரி இருக்கிறது.

தங்கை என் போனிலிருந்து குழுவுக்கு ஒரு வரி அனுப்பினாள். "சட்டையில் புள்ளியைக் காணோமே என்று தேட வேண்டாம். அது முடிவுக்கோட்டில் இருக்கிறது."

நல்ல வரி. அவளிடம் சொல்லவில்லை.

பெரும்புள்ளி உடனே எழுதினார்: "இது நான் முதலிலேயே யோசித்ததுதான்."

அப்பா ஒன்றும் எழுதவில்லை. ஒன்றாம் தேதி அப்படியே நிற்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கால் கடுக்கிறது. ஆனால் இன்று எழுதாவிட்டால் பிறகு மறந்த மாதிரி நடிப்பேன்.

பூங்கா வாசலில் கூட்டம். ஒருத்தன் நெஞ்சை ஒருத்தன் பார்த்து, "உன் வெல என்னடா?", "உனக்கு அதிகம்டா, பாதிக்குக் குடு" என்று ஒரே சிரிப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரும்புள்ளி ரிப்பன் வெட்டினார். போட்டோவுக்காகத் திருப்பம் வரைக்கும் ஓடினார். திருப்பத்தில் அவருடைய கார் நின்றது.

முடிவுக்கோட்டில் ஒரு மேஜை, இரண்டு தட்டு. தட்டைப் பிடிக்கிற வேலை எனக்கு. முதலில் வந்தவள் ஒரு நர்ஸ், ராத்திரி வேலை முடித்துவிட்டு நேராக வந்தவளாம். மூச்சு வாங்கிக்கொண்டே விரலை முக்கி, குனிந்து பார்த்து, ல் மேல் அழுத்தினாள். "வச்சுட்டேன்! வச்சுட்டேன்!" என்று கத்தினாள். பின்னால் வந்தவர்களும் கத்தினார்கள். வெறும் புள்ளிக்கு ஆட்கள் இப்படிக் கூத்தாடி நான் பார்த்ததில்லை.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. தன் நெஞ்சைத் தானே குனிந்து பார்த்தால் எழுத்து தலைகீழாகத் தெரியும், இடம் வலம் மாறும். பாதிப் பேர் வெ மேல் புள்ளி வைத்துவிட்டு, அப்புறம் ல் மேலும் வைத்தார்கள். ஒரு கண்ணாடி வைத்திருந்தால் எழுத்தாவது நிமிர்ந்து தெரிந்திருக்கும். தங்கையிடம் சொன்னேன். "விடுடா. குனிஞ்சு தேடறதுதான் நல்லாயிருக்கு" என்றாள்.

பெரும்புள்ளி காரிலிருந்து இறங்கினார். கட்டைவிரலை நீட்டிக்கொண்டே வந்தார்.

"ஓடி வந்தீங்களா அங்கிள்?" என்றாள் தங்கை.

"நான் தலைவர்ம்மா."

"தலைவருக்கும் அதே ரோடுதான் அங்கிள்."

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சரியான தரக்கட்டுப்பாடு அது. "நான் ஒரு போன் போட்டா…" என்று ஆரம்பித்தார். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. குரூப் போட்டோவில் எல்லோர் நெஞ்சிலும் மஞ்சள், நடுவில் அவர் மட்டும் வெறும் வெல. கூட்டத்திலிருந்து எவனோ, "தலைவரே, கடைசி வெல சொல்லுங்க!" என்றான். இத்தனை நாள் பெரும்புள்ளி என்று எழுதினேன். கடைசியில் ஒரு சின்னப் புள்ளி இல்லாமல் நின்றார்.

கூட்டம் கலைந்தது. மேஜையை மடக்கினோம். மை தடித்துவிட்டது. தட்டைக் கழுவலாம் என்று எடுத்தபோது தங்கை, "இரு" என்றாள்.

சாலைக் கடைசியில் ஒருத்தர். ஓடவில்லை, நடந்தார். ஒரு கை இடுப்பில். அப்பா.

காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். முழுத் தூரமும் நடந்திருக்கிறார். செருப்போடு. சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலை முக்கினார், குனிந்து தேடினார், வெ மேல் வைத்தார். தங்கை தலையை ஆட்டினாள். மறுபடி முக்கி, இந்த முறை சரியாக வைத்தார்.

"பின்னாடி இன்னும் யாராவது வராங்களா?" என்றார்.

"இல்லப்பா. நீங்கதான் கடைசி."

"ம்." சட்டையைத் திரும்பக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"நாலு பேர்ல இது எத்தனாவதுப்பா?" என்றாள் தங்கை.

அப்பா, காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி புள்ளி மேல் ஊதிக்கொண்டே நடந்தார்.

மார்ச் 31, செவ்வாய்

கட்டைவிரல் நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. மேலாளர் கேட்டார். தர முத்திரை என்றேன்.

அத்தை போன் பண்ணினார். அப்பா, "எல்லாரும் ஒரு சாமானைத் தூக்கிக்கிட்டிருக்கோம். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். உண்மையில் அப்போது யாரும் எதையும் தூக்கவில்லை. போனை வைத்த பிறகுதான், "வந்து ஒரு கை பிடிடா" என்றார்.

ஏப்ரல் 1, புதன்

இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி காலி.

ஏப்ரல் 5, ஞாயிறு

முன் அறையில் தங்கையின் போர்டு. முதல் ஆர்டர் பல் டாக்டர். கிளினிக் ஆட்களுக்குப் பன்னிரண்டு சட்டை, ஈறுக்கு ரோஸ் கட்டாயம். எந்த முறையில் அடிக்கலாம் என்று என்னைக் கேட்டாள். பன்னிரண்டுதான் என்றால் சட்டம் போடுவது வீண், நேரடி மெஷின்தான் சரி என்றேன். ஆனால் அதற்கு முன்னால், "இதுல எது எது என்னன்னு ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றேன். சொன்னாள். நடுவில் நான் எதையும் எண்ணவில்லை.

பிரச்சினை மெஷின். அதை வைக்க வேறு இடம் இல்லையாம். இப்போது என் அறையில், என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. வந்த அன்றே அம்மா அதன் மேல் இரண்டு போர்வையைக் காயப்போட்டுவிட்டார். கைப்பிடியில் என் டீ-ஷர்ட். அதில் இன்னும் வெல. அன்று நான் ஓடவில்லையே, தட்டைத்தானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தங்கை எட்டிப் பார்த்தாள். "மெஷின்ல ஓடினாலும் கணக்குல சேர்த்துக்கறேன். மை அரை டப்பா மிச்சம் இருக்கு."

நாளைக் காலையில் ஏறிப் பார்க்கலாம். முதலில் போர்வைகளை எடுக்க வேண்டும்.